ராத்திரிக்கு ஸ்பிளிண்ட், பகலுக்கு ஸ்டூல்

செமஸ்டர் ரிசல்ட், பிளேஸ்மெண்ட் டென்ஷன் எல்லாத்தையும் பத்து நிமிஷம் ஓரமா வெச்சிடுங்க. செருப்பைக் கழட்டிட்டு உங்க குதிகாலை ஒரு தடவை பாருங்க. இந்த மாசப் பாடம் அங்கதான் இருக்கு.

முதல்ல ஒரு சின்னப் புதிர். பகல் பூரா நின்னு வேலை செஞ்ச ஒருத்தர், ராத்திரி ஏழு மணி நேரம் படுத்துத் தூங்குறார். அந்த நேரம் முழுக்க காலுக்கு ஓய்வு, மேல எந்த எடையும் இல்லை. ஆனா காலையில எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால்ல ஆணி இறங்கின மாதிரி ஒரு வலி. சுவரைப் பிடிச்சுக்கிட்டே பாத்ரூம் வரைக்கும் போறார். இருபது முப்பது அடி நடந்ததும் வலி பாதியா குறைஞ்சிடுது. ஓய்வு எடுத்தா வலி, நடந்தா நிவாரணம். இது எப்படி?

இந்தப் புதிருக்கு விடை தெரிஞ்சா, 'நைட் ஸ்பிளிண்ட்'னு சர்ஜிகல் கடைகள்ல தொங்குற அந்த விசித்திரமான பூட்ஸ் எதுக்குன்னு புரியும். அது எதை சரிசெய்யும், எதை சரிசெய்யாதுங்கிறதும் புரியும். ரெண்டாவதுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன். ஏன்னா இந்த வலி அதிகமா வர்றது நம்ம கண் முன்னாடி நாள் முழுக்க நிக்கிறவங்களுக்கு. ரங்கநாதன் தெரு துணிக்கடை அக்காக்கள், மயிலாப்பூர் மெஸ்ல பரிமாறுற அண்ணன்கள், பனகல் பார்க் சிக்னல்ல நிக்கிற டிராஃபிக் போலீஸ், அடையாறு அபார்ட்மெண்ட் வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி, நமக்குப் பாடம் எடுத்த டீச்சர்கள். அப்புறம் சென்னை மாரத்தானுக்குப் பேர் கொடுத்துட்டு, பயிற்சியே இல்லாம திடீர்னு பெசன்ட் நகர் பீச் ரோட்டுல பத்து கிலோமீட்டர் ஓடுற நம்ம பசங்க.

வலிக்கிற இடம் எது?

வீட்ல இதை 'குதிகால் வாதம்'னு சொல்வாங்க. டாக்டர்கள் சொல்ற பேர் பிளான்டர் ஃபேசியைட்டிஸ். வாழ்நாள்ல சுமார் பத்துப் பேர்ல ஒருத்தருக்கு இது வரும்னு மருத்துவ நூல்கள் சொல்லுது. நாற்பதிலிருந்து அறுபது வயசுக்குள்ள அதிகம்.

உள்ளங்காலுக்கு அடியில, தோலுக்கும் கொழுப்புக்கும் மேல, ஒரு தடிச்ச பட்டை ஓடுது. குதிகால் எலும்போட அடிப்பக்கத்துல ஆரம்பிச்சு, முன்னால விசிறி மாதிரி விரிஞ்சு, அஞ்சு விரலோட அடியிலயும் போய்ச் சேருது. இதுதான் பிளான்டர் ஃபேசியா. இனிமே 'பட்டை'ன்னே சொல்றேன். இந்தப் பட்டை எலும்புல ஒட்டுற இடம், அதாவது குதிகாலோட அடியில கொஞ்சம் உள்பக்கமா, கொஞ்சம் முன்பக்கமா இருக்கிற இடம்தான் வலிக்கும். கட்டைவிரலால அழுத்தினா 'ஆ'ன்னு சொல்ல வைக்கிற புள்ளி அது.

எக்ஸ்ரே எடுத்தா சிலருக்கு அங்க சின்னதா ஒரு எலும்பு முள் தெரியும். 'முள் வளர்ந்திருக்கு, அதான் குத்துது'ன்னு பயந்துடுவாங்க. ஆனா வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கு, வலி இருக்கிற பலருக்கு முள் இல்லை. அதனால முள்ளைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

பாதம் ஒரு டிரஸ்

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். முதல் வருஷம் மெக்கானிக்ஸ்ல டிரஸ் கணக்கு போட்டது ஞாபகம் இருக்கா? பாதத்தைப் பக்கவாட்டுல பாருங்க. பின்னாடி குதிகால், முன்னாடி விரல்களோட அடிப்பகுதி, மேல கணுக்கால். ஒரு முக்கோணம். ரெண்டு சாய்வுக் கட்டை மேல எடையை வெச்சா அடி ரெண்டும் விலகி ஓடப் பார்க்கும். விலகாம இருக்க அடியில ஒரு டை ராட் வேணும். அந்த டை ராட் வேலையைத்தான் நம்ம பட்டை செய்யுது.

சின்ன கணக்கு ஒண்ணு போடலாம். ஆள் 60 கிலோ. ரெண்டு கால்ல நிக்கிறார், அதனால ஒரு காலுக்கு சுமார் 300 நியூட்டன். குதிகாலிலிருந்து முன்பாதம் வரைக்கும் 16 செ.மீ.ன்னு வைங்க. கணுக்கால் குதிகாலிலிருந்து 5 செ.மீ. முன்னால, தரையிலிருந்து 8 செ.மீ. உயரத்துல இருக்கு. குதிகால்ல வர்ற எதிர்விசை 300 × 11 ÷ 16, அதாவது சுமார் 206 நியூட்டன். கணுக்காலைச் சுத்தி மொமெண்ட் எடுத்தா, அடியில இருக்கிற டை ராட்ல இழுவிசை 206 × 5 ÷ 8. சுமார் 129 நியூட்டன்.

அதாவது சும்மா நின்னாலே ஒவ்வொரு உள்ளங்கால்லயும் சுமார் 13 கிலோ எடையைக் கட்டித் தொங்க விட்ட மாதிரி இழுவிசை. இது ரொம்ப எளிமையான மாடல். நிஜத்துல சின்னச் சின்னத் தசைகளும் மத்த தசைநார்களும் இதுல பங்கு எடுத்துக்கும். ஆனா ஒரு விஷயம் இந்த மாடல்லயே தெளிவாத் தெரியுது. அந்த 8 செ.மீ. உயரம் 6 ஆகட்டும், இழுவிசை 172 நியூட்டன் ஆயிடும். மூணுல ஒரு பங்கு கூடிடுச்சு. தட்டையான பாதம் இருக்கிறவங்களுக்கும், நாள் முழுக்க நின்னு பாத வளைவு தளர்ந்து போறவங்களுக்கும் ஏன் இந்த வலி வருதுன்னு இதுலயே ஒரு துப்பு இருக்கு. உடல் எடை கூடினா என்ன ஆகும்னும் நீங்களே கணக்கு போட்டுக்கலாம்.

நடக்கும்போது இன்னொரு வேலை நடக்குது. உட்கார்ந்த இடத்துல இப்பவே செஞ்சு பாருங்க. பாதத்தைத் தரையில வெச்சுக்கிட்டு, கையால கட்டைவிரலை மட்டும் மேல தூக்குங்க. உள்ளங்கால் வளைவு தானா உயரும், அடியில ஒரு கயிறு விறைக்கிறது தெரியும். விரல் மடங்கும்போது பட்டை விரலோட மூட்டைச் சுத்தி இழுபடுது. கப்பல்ல நங்கூரக் கயிறை உருளையில சுத்தி இழுப்பாங்கல்ல, அதே மாதிரி. 1954-ல் ஜே. எச். ஹிக்ஸ் இதை விளக்கி, அந்தப் பொறியோட பேரையே இதுக்கு வெச்சார். விண்ட்லாஸ் இயக்கம். ஒவ்வொரு அடிக்கும், குதிகால் தரையை விட்டு எழும்பும்போதெல்லாம், இந்தக் கயிறு ஒரு தடவை இறுகித் தளருது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. ஃபெட்டீக் லோடிங்னு படிச்சோமே, அதேதான்.

ராத்திரி என்ன நடக்குது?

இப்ப புதிருக்கு விடை. தூங்கும்போது பாதம் தன்னால கீழ சாஞ்சிடும். விரல் நுனி கட்டிலோட கால்மாட்டைக் காட்டும். குப்புறப் படுக்கிறவங்களுக்கு இன்னும் மோசம், மெத்தையே பாதத்தை நீட்டி வெச்சிடும். இந்த நிலையில கெண்டைக்கால் தசை, அதிலிருந்து குதிகாலுக்கு இறங்குற குதிநாண், அடியில பட்டை, எல்லாம் தளர்ந்து சுருங்கின நீளத்துல மணிக்கணக்கா கிடக்குது.

பட்டையில ஏற்கெனவே சின்னச் சின்னச் சிதைவு இருக்கு. ராத்திரி உடம்பு அதை ரிப்பேர் பண்ணப் பார்க்குது, ஆனா சுருங்கின நீளத்துலயே. காலையில எழுந்து முழு எடையையும் ஒரே நொடியில மேல வெச்சதும், சுருங்கி விறைச்சுக் கிடந்த பட்டை திடீர்னு இழுபடுது. ராத்திரி போட்ட தையல் காலையில பிரிஞ்சு போற கதை. அதான் அந்த முதல் அடி. கொஞ்சம் நடந்ததும் பட்டை இளகி நீண்டு கொடுக்குது, வலி குறையுது. மதியம் ரொம்ப நேரம் உட்கார்ந்துட்டு எழுந்தாலும் இதே கதைதான்.

'ஐட்டிஸ்'னு பேர் இருக்கிறதால இது வீக்கம், அழற்சின்னு நினைச்சுடாதீங்க. அறுவை சிகிச்சையில எடுத்த 50 மாதிரிகளை 2003-ல் ஹார்வி லெமாண்ட் குழு மைக்ரோஸ்கோப்ல பார்த்தப்போ, அழற்சியை விட நார்களோட சிதைவுதான் தெரிஞ்சுது. அதனாலதான் வெறும் வலி மாத்திரையால மட்டும் இது போறதில்லை. மாத்திரை வலியை மறைக்கலாம், நாரோட நிலைமை அப்படியேதான் இருக்கும்.

ஸ்பிளிண்ட் செய்யுற ஒரே வேலை

நைட் ஸ்பிளிண்ட் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. தூங்கும்போது பாதம் கீழ சாயாம, காலுக்கு 90 டிகிரியில, இல்லைன்னா அதைவிட அஞ்சு டிகிரி மாதிரி மேல தூக்கி நிறுத்தி வைக்கும். விரல்களையும் லேசா மேல தூக்கி வெச்சா இன்னும் நல்லது, விண்ட்லாஸ் கயிறும் சேர்ந்து நீளமா இருக்கும். அவ்ளோதான் அதோட வேலை. பட்டையைச் சுருங்க விடாம ராத்திரி முழுக்க நீளமா வெச்சிருக்கணும்.

இதுல மெட்டீரியல் சயின்ஸ் இருக்கு. டிசம்பர் சீசன்ல மயிலாப்பூர் சபாவுல புதுக் கம்பி மாட்டின வீணைக்காரங்க திரும்பத் திரும்ப சுருதி சேர்க்கிறதைப் பார்த்திருப்பீங்க. கம்பி ரெண்டு முனையிலயும் கட்டித்தான் இருக்கு, ஆனா இழுவிசை மெல்ல இறங்குது. நீளத்தை மாத்தாம பிடிச்சு வெச்சா உள்ள இருக்கிற ஸ்ட்ரெஸ் நேரத்தோட குறையும். இதான் ஸ்ட்ரெஸ் ரிலாக்சேஷன். நம்ம உடம்பு நார்களும் அந்த ஜாதிதான். பலமா அஞ்சு செகண்ட் இழுக்கிறதும், மெதுவா அஞ்சு மணி நேரம் பிடிச்சு வைக்கிறதும் ஒண்ணு இல்லை. ஸ்பிளிண்ட் ரெண்டாவது வழி.

கடையில மூணு வகை கிடைக்கும்.

முதல் வகை, பூட்ஸ் மாதிரி காலோட பின்பக்கமும் பாதத்தோட அடியும் முழுக்க மூடுறது. கோணம் நல்லா நிக்கும். ஆனா கனம், புழுக்கம், போட்டுக்கிட்டு நடக்கவே முடியாது.

ரெண்டாவது வகை, முன்பக்கமா கணுக்கால் மேல உட்கார்றது. உள்ளங்கால் திறந்து இருக்கும், காத்து போகும். நம்ம ஊர் வெயிலுக்கு இது பரவாயில்லை. கோணம் முதல் வகை அளவுக்கு உறுதியா நிக்காது.

மூணாவது வகை, சாக்ஸ் மாதிரி. விரல் நுனியிலிருந்து முழங்காலுக்குக் கீழ வரைக்கும் ஒரு பட்டி இழுத்துப் பிடிக்கும். லேசானது. ஆனா இறுக்கிக் கட்டிட்டா விரல் மரத்துப் போகும்.

எது சிறந்ததுன்னு கேட்டா, மே மாசச் சென்னையில நீங்க உண்மையிலேயே மாட்டிக்கிட்டுத் தூங்கக்கூடியது எதுவோ அதுதான். பீரோ மேல கிடக்கிற ஸ்பிளிண்ட் யாரையும் குணப்படுத்தாது.

எப்படிப் போடணும்?

1. முதல்ல டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்த்து, இது பிளான்டர் ஃபேசியைட்டிஸ்தானான்னு உறுதி பண்ணிக்கோங்க. காலுக்கு அளவெடுத்துச் செய்ய வேண்டி வந்தா கே.கே.நகர்ல இருக்கிற அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் பக்கத்துலயே இருக்கு.

2. முதல் ராத்திரியே முழுசா போடாதீங்க. ரெண்டு மூணு நாள் சாயந்தரம் டிவி பார்க்கும்போதோ படிக்கும்போதோ ஒரு மணி நேரம் போட்டுப் பழகுங்க. அப்புறம் பாதி ராத்திரி. அப்புறம் முழு ராத்திரி.

3. 90 டிகிரியில ஆரம்பிங்க. லேசான இழுப்பு தெரியணும், வலி தெரியக் கூடாது. 'ரொம்ப இழுத்தா சீக்கிரம் சரியாகும்'ங்கிற கணக்கு இங்க செல்லாது.

4. உள்ள மெல்லிசான பருத்தி சாக்ஸ் போடுங்க. வேர்வையில தோல் உரசிப் புண்ணாகாம இருக்கும். ஸ்பிளிண்ட்டோட துணிப் பகுதியை அடிக்கடி துவைச்சுக் காய வைங்க.

5. பட்டியை மாட்டினதும் ஒரு விரல் உள்ள நுழையுதான்னு பாருங்க. விரல் மரத்துப் போனாலோ, நிறம் மாறினாலோ, ஊசி குத்துற மாதிரி இருந்தாலோ உடனே கழட்டிடுங்க.

6. ராத்திரி பாத்ரூம் போகணும்னா கழட்டிட்டுப் போங்க. ஈரத் தரையில ஸ்பிளிண்ட்டோட நடந்து விழுந்தா, குதிகால் வலிக்கு வைத்தியம் பார்க்கப் போய் இடுப்பு எலும்புக்கு வைத்தியம் பார்க்க வேண்டி வரும்.

7. காலையில கழட்டினதும் உடனே எழுந்திரிக்காதீங்க. கட்டில் ஓரத்துல உட்கார்ந்து, வலிக்கிற காலை மத்த முழங்கால் மேல போட்டு, கையால விரல்களை முழங்கால் பக்கமா இழுங்க. பத்து எண்ணுற வரைக்கும் பிடிங்க. பத்துத் தடவை. பக்கத்துல செருப்பு இருக்கட்டும், வெறுங்காலோட மொசைக் தரையில முதல் அடி வேண்டாம்.

8. ஒரு வாரத்துல தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு மாசத்துலேர்ந்து மூணு மாசம் வரைக்கும் ஆகும்.

ஸ்பிளிண்ட் வாங்க முடியாதவங்க துண்டு, கயிறு வெச்சு ராத்திரி காலைக் கட்டிக்கிட்டுத் தூங்க வேண்டாம். தூக்கத்துல எங்க இறுகுதுன்னே தெரியாது. அதுக்குப் பதிலா குப்புறப் படுக்கிறதை விடுங்க, போர்வையைக் கால்மாட்டுல இறுக்கிச் செருகாதீங்க, ஏழாவதுல சொன்ன நீட்டலை விடாம செய்யுங்க. இதுக்குக் காசே வேண்டாம்.

ஆதாரம் என்ன சொல்லுது?

நாம எஞ்சினியர்கள், டேட்டா கேட்கணும். 1991-ல் வாப்னர், ஷார்க்கிங்கிற ரெண்டு பேர், மத்த வைத்தியங்கள்ல குணமாகாத 14 பேருக்கு நைட் ஸ்பிளிண்ட் போட்டுப் பார்த்தாங்க. 11 பேருக்கு நாலு மாசத்துக்குள்ள வலி போச்சு. கேட்க நல்லாருக்கு. ஆனா ஒப்பிட்டுப் பார்க்க, ஸ்பிளிண்ட் போடாத ஒரு குழு அதுல இல்லை. இந்த வலி பெரும்பாலானவங்களுக்கு ஒரு வருஷத்துக்குள்ள தானாவே குறையுற வலி. அப்ப குணமானது ஸ்பிளிண்ட்டாலயா, காலத்தாலயா?

1999-ல் பிராப் குழு 116 பேரை ரெண்டாப் பிரிச்சாங்க. எல்லாருக்கும் மாத்திரை, செருப்பு ஆலோசனை, நீட்டல் பயிற்சி. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலா ஸ்பிளிண்ட். முடிவுல ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2003-ல் டிஜியோவானி குழு 101 பேரை வெச்சு செஞ்ச ஆய்வுல, நான் மேல சொன்ன அந்த விரல் இழுக்கிற நீட்டல், வழக்கமான குதிநாண் நீட்டலை விட நல்ல பலன் கொடுத்துச்சு. அப்புறம் டென்மார்க்கில் ராத்லெஃப் குழு 48 பேரை வெச்சு செஞ்ச ஆய்வு ஒண்ணு. படிக்கட்டுல நின்னு, விரல்களுக்கு அடியில சுருட்டின துண்டை வெச்சு, மெதுவா குதிகாலைத் தூக்கி இறக்குற பயிற்சி. ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூணாவது மாசத்துல இவங்க நீட்டல் மட்டும் செஞ்சவங்களை முந்திட்டாங்க. ஒரு வருஷத்துல ரெண்டு குழுவும் சமம்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தா என்ன புரியுது? ஸ்பிளிண்ட் எல்லாருக்கும் தேவையில்லை. அமெரிக்க பிசியோதெரபிஸ்டுகள் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியும், காலையில முதல் அடி வலி விடாம இருக்கிறவங்களுக்கு ஒண்ணு முதல் மூணு மாசம் ஸ்பிளிண்ட்னுதான் சொல்லுது. நீட்டலும் பயிற்சியும்தான் சாப்பாடு. ஸ்பிளிண்ட் கூட்டு பொரியல்.

யாரெல்லாம் தானா போடக் கூடாது?

சர்க்கரை நோயால கால் மரத்துப் போனவங்க, கால்ல ரத்த ஓட்டம் குறைஞ்சவங்க, ஆறாத புண் இருக்கிறவங்க டாக்டர் சொல்லாம ஸ்பிளிண்ட் போடவே கூடாது. உரசி புண்ணானாலும் அவங்களுக்குத் தெரியாது. இதே காரணத்துக்காக இன்னொண்ணும் சொல்லணும். நம்ம பாட்டிமார் செங்கல்லைச் சுட வெச்சு, மேல எருக்கிலையைப் போட்டு, அதுல குதிகாலை வைப்பாங்க. அந்தச் சூடு கொஞ்ச நேரம் இதமா இருக்கும். ஆனா உணர்ச்சி குறைஞ்ச காலுக்கு அது தீக்காயம். எருக்கம்பால் கண்ணுல பட்டா ஆபத்தும்கூட. சர்க்கரை இருக்கிறவங்க அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கீழே விழுந்ததுக்கு அப்புறம் வந்த வலி, குதிகாலை ரெண்டு பக்கமும் அமுக்கினா வர்ற வலி, படுத்திருக்கும்போதும் விடாத வலி, வீக்கம், காய்ச்சல், மரத்துப் போறது, இதெல்லாம் வேற ஏதாவதா இருக்கலாம். நம்ம வயசுப் பசங்களுக்கு ஸ்பெஷலா ஒண்ணு. ரெண்டு குதிகாலும் வலிச்சு, கூடவே காலையில முதுகு அரை மணி நேரத்துக்கு மேல விறைப்பா இருந்தா, அது முதுகெலும்பு வாத நோயோட அறிகுறியா இருக்கலாம். சும்மா விடாதீங்க, மூட்டு நோய் டாக்டரைப் பாருங்க.

பகலோட பாதி

இதுவரைக்கும் பேசினது ராத்திரி ஏழு மணி நேரம். பகல் பதினோரு மணி நேரம் நிக்கிறவங்களுக்கு அது மட்டும் போதுமா?

செருப்பு கொஞ்சம் உதவும். அடையாறு சர்தார் படேல் ரோட்டுல நாம தினம் பஸ்ல கடந்து போற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-லிருந்து இருக்கு. சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பு வடிவமைப்புல அவங்களுக்குப் பல வருஷ அனுபவம். கடையில 'எம்.சி.ஆர். செருப்பு'ன்னு கேட்டு வாங்குறோமே, அந்த நுண்ணறை ரப்பர் தொழுநோயாளிகளோட மரத்த பாதத்தைக் காப்பாத்த வேலூர் பக்கம் டாக்டர் பால் பிராண்ட் காலத்துல பயன்பாட்டுக்கு வந்தது. மெத்துன்னு இருக்கும், அழுத்தம் ஒரே புள்ளியில விழாது. ஆனா எவ்வளவு மெத்துன்னு இருந்தாலும் மேல போட்ட டிரஸ் கணக்கு மாறாது. எடை மேல இருக்கிற வரைக்கும் டை ராட் இழுபட்டுக்கிட்டேதான் இருக்கும். எடையை இறக்க ஒரே வழி உட்கார்றது.

அதுக்கு ஒரு சட்டமே இருக்கு. கேரளாவுல கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல வேலை பார்த்த பெண்கள், விஜி தலைமையில 'பெண்கூட்டு'ன்னு சேர்ந்து பல வருஷம் போராடினாங்க. 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்துச்சு. தமிழ்நாட்டுல 2021 செப்டம்பர் 6-ம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்துல மசோதா கொண்டு வந்தார். 1947-ம் வருஷத்து தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏன்னு புதுசா ஒரு பிரிவு சேர்ந்துச்சு. கடையில வேலை பார்க்கிற எல்லாருக்கும் இருக்கை வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைக்கும்போது அவங்க உட்காரலாம், நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கிற நிலைமை வரக் கூடாது. இதான் அதோட சாரம். 2010-ல் வசந்தபாலனோட 'அங்காடித் தெரு' வந்தப்போ ரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகளோட வாழ்க்கையை ஊரே பேசுச்சு. அதுக்கப்புறம் ஸ்டூல் சட்டத்துக்குள்ள வர இன்னும் பதினோரு வருஷம் ஆச்சு.

என் பெரியம்மா தி.நகர்ல ஒரு துணிக்கடையில புடவை செக்ஷன்ல இருக்காங்க. ரெண்டு வருஷமா குதிகால் வலி. பிசியோதெரபிஸ்ட் சொல்லி ஸ்பிளிண்ட் வாங்கினாங்க. ஒரு மாசத்துல காலை வலி நல்லாவே குறைஞ்சுது. ஆனா ஆடித் தள்ளுபடி நேரத்துல சாயந்தர வலி அப்படியேதான் இருந்துச்சு. "ஏன் பெரியம்மா, உங்க கடையில ஸ்டூல் போடலையா?"ன்னு கேட்டேன். "போட்டிருக்காங்கடா. அது மேல புடவைக் கட்டு இருக்கு"ன்னாங்க.

சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. ஆனா ஒரு மெக்கானிக்கல் ஸ்டூடண்ட்டா எனக்கு அது சரியான டயக்னாஸிஸ்னு தோணுது. காலை வலி குறையுது, ஏன்னா ராத்திரி சுருக்கத்தை ஸ்பிளிண்ட் தடுக்குது. சாயந்தர வலி நிக்குது, ஏன்னா பகல் லோடு அப்படியே இருக்கு. ஒரு மெஷின்ல பார்ட் திரும்பத் திரும்ப தேயுதுன்னா நாம பார்ட்டை மட்டும் மாத்திட்டுப் போக மாட்டோம், லோடு ஏன் இவ்ளோ வருதுன்னு பார்ப்போம். மனுஷங்க விஷயத்துல மட்டும் 'உங்க கால்தான் சரியில்லை'ன்னு சொல்லி அனுப்பிடுறோம்.

நீங்க என்ன செய்யலாம்?

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மா, அத்தை, பாட்டி யார்கிட்டயாவது ரெண்டு கேள்வி கேளுங்க. காலையில முதல் அடி வைக்கும்போது குதிகால் வலிக்குதா? சமையல்கட்டுல உட்கார ஒரு ஸ்டூல் இருக்கா? முதல் கேள்விக்கு ஆமான்னா, நீட்டல் பயிற்சியைக் கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுங்க, ஆறு வாரம் பார்த்தும் குறையலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஸ்பிளிண்ட் பத்திக் கேளுங்க. ரெண்டாவது கேள்விக்கு இல்லைன்னா, வெங்காயம் நறுக்குற உயரத்துக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போடுங்க. வீட்டு அடுப்படிக்கு 22-ஏ கிடையாது, அங்க நாமதான் சட்டம்.

ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுற ஜூனியர்களுக்கும் ஒண்ணு. சென்னைப் புழுக்கத்துல வேர்க்காத, கழட்டி மாட்ட எளிதான, கோணம் மாத்தக்கூடிய, கடைத் தொழிலாளி வாங்குற விலையில ஒரு நைட் ஸ்பிளிண்ட். சிஏடி, மெட்டீரியல் செலக்ஷன், மனுஷங்ககிட்ட நேர்ல பேசி கருத்து கேட்கிறது எல்லாம் இதுல இருக்கு. எடுத்துக்கிறவங்க என்கிட்ட வாங்க, பெரியம்மாகிட்ட பேச வைக்கிறேன்.

அப்புறம் இந்தப் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ தி.நகர்ல துணி எடுக்கப் போனா, இருபதாவது புடவையைப் பிரிக்கச் சொல்றதுக்கு முன்னாடி, "அக்கா, நீங்க உட்கார்ந்தே காட்டுங்க, நாங்க பார்த்துக்கிறோம்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சூப்பர்வைசர் காதுல விழுற மாதிரி சொல்லுங்க.